தியாகத்துக்கு நன்றி சொல்லலாமா?

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் பெண்களின் கல்லறைகளை நின்று படித்துக்கொண்டே போனால் சொற்கள் அதிகம் மாறுவதில்லை. பெயர் இருக்கும். இன்னாரின் மனைவி என்று இருக்கும். பிறந்த நாள், கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள். அதன்கீழ் அன்புள்ள தாய், பாசமிகு பாட்டி, ஜெப வீராங்கனை. ஆண்களின் கல்லில் பெரும்பாலும் தொழிலும் இருக்கும்: தலைமையாசிரியர் ஓய்வு, உபதேசியார், மின்வாரியம். பெண்களில் ஆசிரியையோ நர்ஸோ ஆனவர்களுக்கு மட்டும் அந்த ஒரு வரி கிடைக்கும். மற்றவர்களுக்குத் தாய், பாட்டி என்பதே தொழில். சம்பளமில்லாத தொழில் என்பதால் ஓய்வும் எழுதுவதில்லை.

என் ஆயாவின் கல்லிலும் இந்தச் சொற்கள்தான். வட ஆற்காட்டுப் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அம்மாவின் அம்மா. லுத்தரன் சபையில் பிறந்து, அதே சபையில் கல்யாணமாகி, அதே சபையின் தோட்டத்தில் அடக்கமானவர். அந்தச் சொற்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது. பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் வாழ்ந்தார் என்று ஒரு பெண்ணைப் புகழும்போது நாம் அவருக்கு நன்றி சொல்கிறோம். நன்றி என்பது கொடைக்குச் சொல்வது. மறுக்கும் உரிமை இருந்து, மறுக்காமல் கொடுத்தால்தான் அது கொடை. மறுக்கவே முடியாத இடத்தில் இருந்தவரிடமிருந்து வந்தது கொடையா, வசூலா? வசூல் என்றால், அதற்கு நன்றி சொல்வது வசூலித்தவர்களின் கணக்கை நேர் செய்துவிடாதா?

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். உதவியின் அளவை, காலத்தை, உதவி பெற்றவரின் தகுதியை எல்லாம் எடைபோடுகிறார். உதவி செய்தவரால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. வீட்டுக்குள் நடக்கும் உதவிகளை யாரும் அந்த அதிகாரத்தில் தேடியதில்லை என்பதால் அது ஒரு குறையாகத் தோன்றியிருக்காது.

ஆயாவின் வீடு ரமணாசிரமத்திலிருந்து செங்கம் சாலையில் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. தாத்தாவுக்கு நிலையான வேலை இல்லை. மிஷன் அம்மாக்களிடம் தையல் படித்தவர்களிடம் ஆயா தையல் படித்திருந்தார். முதலில் சபைப் பெண்களுக்கு ஜாக்கெட், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை. பிறகு ஆசிரமத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு வீடெடுத்துத் தங்க ஆரம்பித்ததும் வேலையின் தன்மை மாறியது. தொளதொளப்பான பருத்திச் சட்டை, தோளில் மாட்டும் துணிப்பை, தியானத்துக்கு உட்காரும் திண்டு. இலவம்பஞ்சு அடைத்த அந்த வட்டத் திண்டுகளை ஆயா நூற்றுக்கணக்கில் தைத்திருப்பார். மற்றவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பதற்காக ஆயா உட்கார்ந்து காலை அசைத்துக்கொண்டே இருந்தார் என்று அம்மா ஒருமுறை சொன்னார். அம்மா கேலியாகச் சொல்லவில்லை.

அம்மா 1974இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். கணக்கில் நல்ல மதிப்பெண். பி.யூ.சி. சேர விண்ணப்பம் வாங்கி வந்ததை ஆயா மடித்து பைபிளுக்குள் வைத்தார். அம்மாவுக்குக் கீழே இரண்டு தம்பிகள். ஒருவர் ஒன்பதாவது, ஒருவர் ஏழாவது. விண்ணப்பம் பைபிளுக்குள்ளேயே இருந்தது. அம்மா இரண்டாவது தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தார். மாமாக்கள் இருவரும் பட்டம் வாங்கினார்கள். பல வருடங்கள் கழித்து, எனக்குக் கல்லூரி என்று வந்தபோது, முதல் வருடக் கட்டணத்தை ஆயா கொடுத்தார். அப்பாவிடம் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. தன் காதில் இருந்ததை விற்றுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதன் பிறகு அவர் காதில் எதுவும் போட்டுக்கொண்டதில்லை.

ஆகவே எங்கள் வீட்டில் நன்றி என்பது சிக்கலான கணக்கு. ஆயா கொடுத்ததால்தான் நான் படித்தேன். ஆயா எடுத்ததால் அம்மா படிக்கவில்லை. ஆயாவிடமிருந்தும் அதற்கு முன்பு யாரோ எடுத்திருந்தார்கள். அவர் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவர். தன்னிடமிருந்து எடுக்கப்பட்டதை மகளிடமிருந்து எடுத்து மகன்களுக்குக் கொடுத்து, கடைசிக் காலத்தில் மிச்சத்தைப் பேத்திக்குக் கொடுத்தார். இந்த வரிசையில் யாருக்கு யார் நன்றி சொல்வது?

ஏட்ரியன் ரிச் 1976இல் எழுதிய நூலில் தாய்மை என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். ஒன்று ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் இடையே உள்ள உறவு. மற்றொன்று அந்த உறவை ஆண்களின் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கும் அமைப்பு. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. ஆனால் ஆயாவிடம் கொண்டுபோய் வைத்தால் அது முழுதாகப் பொருந்த மறுக்கிறது. விண்ணப்பத்தை மடித்து வைத்தது அமைப்பு, தோட்டைக் கழற்றியது உறவு என்று சொல்லிவிடலாம். இரண்டையும் செய்தது ஒரே கை. ஆயா சுதந்திரமில்லாதவர், அவர் செய்த எதுவும் அவர் தேர்வு இல்லை என்று சொன்னால் அம்மாவுக்குச் செய்த அநீதியிலிருந்து அவரை விடுவிக்கலாம். அப்போது எனக்குக் கொடுத்ததும் அவருடையது இல்லை என்றாகிவிடும். நல்லதை மட்டும் அவர் பெயரிலும் கெட்டதை மட்டும் சமூகத்தின் பெயரிலும் எழுதுவது அஞ்சலிக் கூட்டத்துக்குச் சரி. யோசிப்பவர்களுக்குச் சரியில்லை.

சபையில் காணிக்கை ஞாயிறு வந்தால் தவறாமல் ஏழை விதவையின் இரண்டு காசு பிரசங்கத்துக்கு வரும். பணக்காரர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், இவளோ தன் பிழைப்புக்கு இருந்ததெல்லாம் போட்டாள் என்று இயேசு சீடர்களிடம் சொன்னது. நீங்களும் அப்படிக் கொடுங்கள் என்று போதகர் முடிப்பார், பை சுற்றிவரும். மாற்கு 12ஆம் அதிகாரத்தை வீட்டில் உட்கார்ந்து முழுதாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. இந்த விதவை வருவதற்குச் சற்று முன்னால்தான், நீளமாக ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கியதும், அவள் காசு போட்ட அந்த ஆலயம் கல்லின்மேல் கல் இல்லாமல் இடிக்கப்படும் என்கிறார். அவளைப்போல் செய்யுங்கள் என்று அந்த இடத்தில் ஒரு சொல்கூட இல்லை. அதைப் புகழ்ச்சியாக அல்ல, புலம்பலாக வாசிக்க வேண்டும் என்று சில வேதாகம ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவள் கொடுத்ததைப் பார்த்தவர், அவளிடம் வாங்கியவர்களையும் பார்த்தார். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் சான்று அது.

ஆனால் அதிலும் அந்த விதவை வாய் திறப்பதில்லை. அவள் தெரிந்துதான் போட்டாளா, பழக்கத்தில் போட்டாளா, போடாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று போட்டாளா? அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆயாவை ஓரளவு கேட்க முடிந்தது. வாய் விட்டுக் கேட்டால் பதில் வராது. "கர்த்தர் குடுத்தாரு, நான் குடுத்தேன்" என்று முடித்துவிடுவார். அவர் எதை மறுத்தார் என்று பார்த்தால்தான் பதில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆயா அடுப்பு மூட்ட மாட்டார். காலை ஆராதனை, அதன்பின் பெண்கள் சங்கக் கூட்டம், வந்து மதியம் வரை பைபிள். சனிக்கிழமை ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். தாத்தா கத்துவார். தட்டைத் தூக்கி எறிந்த ஞாயிறுகளும் உண்டாம். மற்ற ஆறு நாட்களும் தாத்தாவுக்குச் சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்த அதே பெண், ஏழாம் நாள் பழையதுதான் என்பதில் ஒரு நாளும் இறங்கி வரவில்லை. வேறு எந்தக் காரணம் சொன்னாலும் அந்த வீட்டில் எடுபட்டிருக்காது. தலைவலி என்றால் எழுந்திரு என்பார்கள். கர்த்தருடைய நாள் என்பதை எதிர்க்கத் தாத்தாவுக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்னொன்று பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் இருந்த வழக்கம். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கியதை இன்றும் பெரிய அளவில் நடத்துகிறார்கள். இதில் நான் யோசிப்பது ஒன்றுதான். கையில் காசே இல்லாத பெண்களுக்கு, வீட்டுத் தலைவரிடம் கேட்காமல் எடுத்துக் கொடுக்க இருந்த ஒரே பொருள் அந்த அரிசி. ஆயாவின் பானையைத் தாத்தா தொட்டதில்லை. கடன்காரன் வாசலில் நின்ற நாளிலும், மாமாக்கள் பசி என்று அழுத நாளிலும்கூட ஆயா அதைத் திறக்கவில்லை என்று அம்மா சொல்கிறார். இதை அம்மா சொல்லும்போது குரலில் பெருமை இல்லை, கோபம்தான் இருக்கிறது. பிள்ளை பசிக்கும்போது பானையை மூடி வைப்பது எந்த ஊர் அன்பு என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கல்லில் செதுக்கிய அன்புள்ள தாயால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

எனக்கோ அந்த மூடிய பானைதான் முக்கியமாகத் தோன்றுகிறது. குடும்பத்துக்கே எல்லாம் என்று வாழ்ந்தவர் அல்ல ஆயா. அவருக்குக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கடமை இருந்தது. அதன் பெயரில் குடும்பத்திடம் இல்லை என்று சொல்ல முடிந்தது. பக்தி என்ற ஒரே சொல்லால் அவர் கடவுளுக்குச் செய்ததையும் நமக்குச் செய்ததையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். உண்மையில் ஒன்று மற்றொன்றுக்கு வேலியாக இருந்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்தவர் இந்தா என்று கொடுத்ததால்தான் அந்தத் தோடு கொடை ஆகிறது. அதற்கு நான் நன்றி சொல்லலாம். அவர் மறுக்க முடியாமல் கொடுத்தவற்றுக்கு, மாதவிலக்கு வலியிலும் மிதித்த இயந்திரத்துக்கு, நன்றி சொல்வதில்லை. அவை கடன். அவருக்கு இனித் திருப்பித் தர முடியாத கடன். மடித்து வைத்த விண்ணப்பம் இந்த இரண்டிலும் சேராது. மறுக்கத் தெரிந்தவர் என்றால் அங்கேயும் மறுத்திருக்கலாம். ஊரையும் உறவையும் எதிர்த்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கலாம். கர்த்தர் பெயரில் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியவர், கர்த்தர் பெயரில் அம்மாவின் பி.யூ.சி.யைக் காப்பாற்றவில்லை. அவர் சுதந்திரத்தை ஒத்துக்கொண்டால் அந்தப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தாக வேண்டும்.

ஆயா ரமணாசிரமத்துக்குள் போனதில்லை. கல்லறைக்கு முன் கும்பிடுவது அவர் விசுவாசத்துக்கு ஒவ்வாதது. திண்டுகளை வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஒருமுறை யாரோ, அங்கே உள்ளது ரமணரின் அம்மாவுக்குக் கட்டிய கோயில் என்று சொல்லியிருக்கிறார்கள். "அந்தம்மா பேரு என்ன?" என்று கேட்டாராம். சொன்னவருக்குத் தெரியவில்லை.

பெயர் அழகம்மாள். 1896இல் வீட்டை விட்டு வந்த மகனைத் தேடி 1898இல் திருவண்ணாமலை வந்து, பவழக்குன்றில் நாள்கணக்கில் அழுது கூப்பிட்டும் அவர் வரவில்லை. 1916இல் மகன் இருக்கும் இடத்துக்கே வந்து தங்கினார். அதுவரை பிச்சையும் பக்தர்கள் கொண்டுவந்ததுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் சமையல் தொடங்கியது அவரால்தான். 1922 மே 19 அன்று அவர் இறந்தபோது ரமணர் பகல் முழுக்க அவர் தலையிலும் நெஞ்சிலும் கை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எரிக்காமல் மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். ஒரு பெண்ணுக்கு அது சாதாரணமாகக் கிடைப்பதல்ல. அதற்கு ஐந்து வருடம் முன்பே, கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சியின் சார்பில் கேட்கப்பட்ட கேள்விக்கு, பெண்ணுக்கும் துறவுக்கு உரிமை உண்டு, ஞானமடைந்த பெண்ணின் உடலும் சமாதி வைக்கத் தக்கது என்று ரமணர் பதில் சொல்லியிருந்தார். ரமண கீதையின் 13ஆம் அத்தியாயத்தில் அது இருக்கிறது. சமாதிக்குத் தினமும் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ரமணர் அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். இன்றுள்ள ஆசிரமம் அப்படித்தான் உருவானது. ஒரு தாயின் கல்லறையைச் சுற்றி.

அந்த ஆசிரமத்தில் ரமணர் காலத்தில் இருட்டிய பிறகு பெண்கள் தங்கக்கூடாது என்பது விதி. அடுப்படியில் பகலெல்லாம் வெந்த விதவைகளும் மாலையில் வெளியேறியாக வேண்டும். தாய்க்குக் கருவறை கிடைத்தது. உயிரோடிருந்த பெண்களுக்கு ராத்திரி படுக்க இடம் கிடைக்கவில்லை. 1949 மார்ச் 17இல் குடமுழுக்கு நடந்த அந்தக் கோயிலின் இறைவன் பெயர் மாத்ருபூதேஸ்வரர், தாயான ஈசன். திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்கும் வடமொழியில் அதே பெயர்தான். தாய் என்ற நிலை கோயிலின் பெயரில் நின்றது. அழகம்மாள் என்ற பெயரை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் கீரை பறித்து வந்து ரமணருக்குச் சமைத்துப் போட்ட கிழவிக்குக் கீரைப்பாட்டி என்பதே பெயராக நின்றுவிட்டது. ஊட்டியவளின் பெயர் போய் ஊட்டிய பண்டத்தின் பெயர் மிஞ்சுகிறது.

மதம் மாறினாலும் இது மாறுவதில்லை. கிறிஸ்தவ உலகில் பக்தியுள்ள தாய் என்றால் முதலில் சொல்லப்படுபவர் அகஸ்டினின் தாய் மோனிக்கா. அகஸ்டின் எழுதிய 'அறிக்கைகள்' முழுவதும் அம்மா வருகிறார், அழுகிறார், ஜெபிக்கிறார், கடல் தாண்டி மகனைத் தேடிப் போகிறார். அவர் பெயர் ஒரே ஒரு முறைதான் வருகிறது, 9ஆம் புத்தகத்தின் முடிவில். ஆனாலும் அகஸ்டின் ஒரு விஷயத்தில் நம் கல்லறை எழுத்துகளைவிட நேர்மையானவர். சிறுமியாக இருந்தபோது மோனிக்கா திருட்டுத்தனமாகத் திராட்சை மது குடித்துப் பழகியதையும், வேலைக்காரப் பெண் குடிகாரி என்று திட்டியதில் விட்டதையும் எழுதுகிறார். கணவன்மார் அடித்த காயங்களோடு வந்த பெண்களிடம், கல்யாணப் பத்திரம் நம்மை அடிமையாக்கிய பத்திரம் என்று நினைத்து அடங்கிப்போங்கள் என்று மோனிக்கா புத்தி சொன்னதையும் எழுதுகிறார். அதைப் புகழ்ச்சியாகத்தான் எழுதுகிறார். நாம் அதை அப்படி வாசிக்க முடியாது. அகஸ்டினோடு பல ஆண்டுகள் வாழ்ந்து அவருக்கு ஒரு மகனைப் பெற்ற பெண்ணைப் பிரித்து ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள், மோனிக்கா முனைந்து ஏற்பாடு செய்த கல்யாணத்துக்கு அவள் இடைஞ்சல் என்பதால். அவளுடைய மகனும் தந்தையோடு தங்கிவிட்டான். அவள் பெயர் ஒரு முறைகூட வரவில்லை. மகனுக்காகத் தாய் செய்ததன் விலையை அந்தப் பெண் கொடுத்தாள். ஆயாவுக்கும் மாமாக்களுக்கும் நடுவில் அம்மா நின்ற இடம் அது.

ஆயா இறந்து ஒரு வருடம் ஆனபோது வீட்டில் நினைவு ஆராதனை வைத்தார்கள். இரண்டு மாமாக்களும் சாட்சி சொன்னார்கள். எங்கள் அம்மாவின் முழங்கால் ஜெபம்தான் எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்றார்கள். போதகர் அம்மாவையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். அம்மா எழுந்து சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார்.

"எங்கம்மா என்ன படிக்க விடல. என் பொண்ண படிக்க வெச்சாங்க. ஞாயித்துக்கெழமை யாருக்கும் சமைக்க மாட்டாங்க. நல்லா தைப்பாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பெரிய மாமா முகம் தொங்கிப்போனது. போதகர் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும்போது பெண்கள் சங்கத்து வயதானவர்கள் மூன்று பேர் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர், எங்கள் வீட்டிலும் விண்ணப்பம் வாங்கி வந்தேன், என்னுடையதை அடுப்பில் போட்டார்கள் என்று ஆரம்பித்தார்.